கிள்ளான் வீட்டு உபகாரச் சம்பளம்

இடைக்கால வரலாறு படிக்கிறவனுக்கு யார் உபகாரச் சம்பளம் கொடுப்பார்கள் என்று ஒரு வருடமாகத் தேடினேன். கிடைத்த பதில் சுருக்கமானது. இடைக்காலம் ஐரோப்பாவில் நடந்திருந்தால் கொடுப்பார்கள்.

நான் படிப்பது தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் அறக்கொடைகளை. கோயிலில் விளக்கெரிக்க, வழிப்போக்கருக்குச் சோறு போட, குளத்தைத் தூர்வார என்று வணிகர்களும் ராணிகளும் வைத்துவிட்டுப் போன முதல் பிறகு என்ன ஆனது, யார் காத்தார்கள், யார் தின்றார்கள் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. கடல் கடந்து இந்த மலேசியப் பக்கம் வந்த வணிகர்கள் அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்களா என்பது அதன் இரண்டாம் பகுதி. செத்தவர்களின் பணம் பல நூறு வருடம் உயிரோடு இருந்த கதையைப் படிக்கிற எனக்கு, உயிரோடு இருக்கிறவர்களின் பணம் ஒரு பருவத்துக்கு மேல் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு நிதி ஒன்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். ஆய்வுப் பகுதி எது என்ற இடத்தைத் தட்டினால் பிரான்சு, இத்தாலி, பைசாந்தியம் என்று வரிசையாக விழுந்து, கடைசியில் 'மற்றவை' என்று நின்றது. ராஜராஜனை மற்றவையில் போட்டேன். அடுத்து லத்தீன் எந்த அளவுக்குத் தெரியும் என்று கேட்டார்கள். அறவே தெரியாது என்பதற்கு அங்கே இடம் இல்லை. உள்நாட்டு நிதிகளோ இதனால் தொழில்துறைக்கு என்ன பயன் என்று கேட்டன. 'பண்பாட்டுச் சுற்றுலா' என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல் மாடியில் இயங்கிய நம்மவர் அமைப்பு ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"தம்பி, டாக்டருக்குப் படிச்சா ஊருக்கு உதவும். லாயருக்குப் படிச்சா எங்களுக்கு உதவும். இதைப் படிச்சா யாருக்கு உதவும்லா?"

செத்தவர்களுக்கு என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் பொன்னாடை இப்போது ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கு உறை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பு முடிகிற ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். அம்மா பள்ளிக்கூடக் கண்டீனில் சமைக்கிறாள். தங்கை பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். நான் பல்கலைக்கழகத்தில் இன்னும் என்ன செய்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு அம்மா சொல்லும் விளக்கம், "கல்லுல எழுதினதை வாசிக்கிறான்" என்பதுதான். கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாவிட்டால் பதிவு ரத்து. அப்பா தன் பேக்டரியில் ஸ்டோர் கிளார்க் வேலை ஒன்று காலியாக இருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மறு வாரமும் சொன்னார்.

அப்போதுதான் என் மேற்பார்வையாளர் அந்தக் கிள்ளான் வீட்டைப் பற்றிச் சொன்னார். பழைய வியாபாரக் குடும்பம். விளம்பரம் செய்யமாட்டார்கள். பழங்காலம் படிக்கிற பையன்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். அவர் மாணவியாக இருந்தபோது விசாரித்துப் பார்த்திருக்கிறார். பெண்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். என்னென்ன பத்திரங்கள் கொண்டுபோகவேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றார். "உனக்கு இருபத்தாறுதானே? அப்போ போ."

ஞாயிற்றுக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஜவுளிக்கடைத் தெருவுக்குப் பின்னால், மாமரம் வைத்த பழைய இரண்டு மாடி வீடு. அழைப்பு மணியைத் தேடி கேட் தூணைத் தடவிக்கொண்டிருந்தபோதே கதவு திறந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். கைத்தறிச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து.

"வந்துட்டியா தம்பி? வெயில்ல ஏன் நிக்கறே, உள்ள வா."

மேற்பார்வையாளர் போன் செய்து சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் செய்யவில்லை என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்க மாலை போட்ட முன்னோர் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன சிவப்பு பல்பு. எதிர்ச் சுவரில் மாலை இல்லாத படங்கள் இரண்டு. ஒன்றில் ஓர் இளைஞன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், காதுகுத்து. மற்றதில் அதே குழந்தை வளர்ந்து பட்டுச்சேலையில் மாலையோடு நிற்கிறாள், சடங்கு. பக்கத்தில் அதே இளைஞன். பச்சைக் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடது வகிடு. குழந்தை பெண்ணாகிவிட்டாள், அவனுக்கு ஒரு நாள்கூட ஏறவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்கு வேறு, காது வேறு. அவர்கள் இரண்டு பேர். பச்சைக் கரை வேட்டி மட்டும் ஒன்றேதான்.

இலை போட்டுப் பரிமாறினார். நான் அக்கா என்று கூப்பிட்டேன், தம்பி என்று கூப்பிட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? எல்லாவற்றையும் வைத்தவர் கத்திரிக்காய்ப் பொரியலை மட்டும் என் இலையைத் தாண்டிக் கொண்டுபோனார்.

"உனக்குத்தான் அது ஒத்துக்காதே."

"நல்லாவே ஒத்துக்கும்க்கா."

சிறுபிள்ளை வீம்பு பேசுவதைக் கேட்டுச் சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டுப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

நேர்காணல் இனிமேல்தான் என்று நம்பி, கைகழுவிவிட்டு வந்து என் ஆய்வை விளக்கத் தொடங்கினேன். மாம்பழம் நறுக்கிக்கொண்டே கேட்டார், அதாவது கேட்பதுபோல இருந்தார். சாவா மூவாப் பேராடு என்ற சொல்லை நான் சொன்னதும் கத்தி நின்றது.

"அதை இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். கோயிலில் அணையா விளக்கு ஒன்று எரிய வேண்டுமானால் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து மேய்ப்பவர்களிடம் விடுவார்கள். அவர்கள் தினமும் விளக்குக்கு நெய் அளக்கவேண்டும். கல்வெட்டில் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாதவை, மூப்படையாதவை. உண்மையில் ஆடு சாகத்தான் செய்யும். கிழடாகும், பால் வற்றும். அந்த இடத்தில் ஒரு குட்டி வந்து நிற்கும். கணக்கில் என்றைக்கும் தொண்ணூற்றாறு, என்றைக்கும் இளசு.

"ஆடு போனாலும் மந்தை போகாது" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"கெட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

கட்டணத்தைக் கட்டிவிடுவதாகச் சொன்னார். நான் நிபந்தனைகளைக் கேட்டேன். இப்படிக் கேட்கவேண்டும் என்று எனக்குப் பழக்கமாகியிருந்தது.

"நிபந்தனை என்ன நிபந்தனை? ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. அது போதும்."

வெளியே வந்தபோது, வாசலில் நான் தெருவைப் பார்க்கக் கழற்றிவைத்த செருப்பு திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நுனி இரண்டும் வீட்டைப் பார்த்து நின்றன. வெளியே போகிறவன் அதைப் போட்டுக்கொள்ள ஒரு சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க விருப்பமில்லை. நான் வீட்டில் மூத்தவன். அண்ணன் என்றால் எங்கள் பக்கம் பாதி அப்பன் மாதிரி. முடி வெட்டிக்கொள்ளச் சொல்லி யாரும் என்னைத் திட்டியதில்லை. அக்கா திட்டினார். மெலிந்துவிட்டாய் என்றார். மாடியில் ஒரு மேசையைக் காட்டி அங்கே உட்கார்ந்து எழுதச் சொன்னார். அறையில் கட்டில் விரித்துத் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பட்டப்பகலில் மேசை விளக்கு எரிந்தது. அணைத்தால் சிறிது நேரத்தில் அக்கா ஏதோ சாக்கில் வந்து போட்டுவிட்டுப் போவார். என் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அந்த மேசையில் எழுதியது. எழுதும்போது சில சமயம் அடுத்த வாக்கியம் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தது போலத் தோன்றும். நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை.

ஒரு விடுமுறைக்கு ஜெஞ்சாரோம் போயிருந்தேன். அம்மா கத்திரிக்காய்ச் சம்பால் செய்திருந்தாள், எனக்குப் பிடிக்கும் என்று. இரண்டாவது வாய்க்கே உதடு தடித்துவிட்டது. கழுத்தெல்லாம் அரிப்பு.

"பல்லு முளைச்ச நாள்லேர்ந்து தின்னவன்" என்று அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க போய் என்ன தின்னுட்டு வரே?"

அக்காவின் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பல் மருத்துவர். என்னைவிட மூத்தவர். முதல் நாளிலிருந்தே என்னை மாமா என்று கூப்பிட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, மாடிக்குத் தேநீர் கொண்டுவந்தவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். இது யாரு ரூம்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாது என்றேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அக்காவுக்கு ஒரே தம்பி. வரலாறு படித்தவர், என்னைப் போலவே பட்ட மேற்படிப்பு. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவில், அலையாத்திக் காட்டுக்குள், எழுத்து வெட்டிய கல் ஒன்று கிடப்பதாக மீனவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு வாடகைப் படகில் தனியாகப் போனார். படகு மட்டும் மிதந்து வந்தது. உள்ளே அவருடைய செருப்பு ஒரு ஜோடி. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் காரியம் செய்ய அக்கா ஒப்பவில்லை. அதனால் மாலை போட்ட படம் இல்லை, பல்பு இல்லை, திதி இல்லை. மகள் பிறந்தது அதற்குப் பிறகு. காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி வேண்டும். அந்தச் சமயத்தில் பழங்காலம் படிக்கிற ஏழைப் பையன் ஒருவன் உதவி கேட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். காணாமல் போனவரைப் போலவே அவனுக்கும் இருபத்தாறு வயது.

"காதுகுத்துக்கு உட்கார்ந்தவர் இப்போ எங்கயோ லெக்சரர். தலை நரைச்சுருச்சு. சடங்குக்கு வந்தவருக்கும் புள்ளைங்க பெருசாயிருச்சு. ரெண்டு பேரையும் இப்போ நடக்கப்போற என் கல்யாணத்துக்கு அம்மா கூப்பிடலை. கேட்டா, அவங்கல்லாம் யாரும்மாங்கறாங்க." தேநீரை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு எப்போ இருபத்தேழு ஆகுது?"

கல்யாணத்துக்கு அடுத்த மாதம் என்றேன்.

"அப்போ சரியாத்தான் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கோலாலம்பூரில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதவர்கள் இல்லை. பேருந்து ஓட்டுநர், ரொட்டி சானாய் போடுகிறவர், செலாயாங் பாசாரில் மூட்டை இறக்குகிறவர், பொன்னாடை போர்த்தியவர் எல்லோருக்கும் நான் தம்பிதான். பெயர் தெரியாத இளவயது ஆணுக்கு நம் மொழி வைத்திருக்கிற பொதுப் பெயர் அது. அந்த வீட்டில் மட்டும் அது பொதுப் பெயராக இருக்கவில்லை. கட்டணம் கட்ட என் மாணவர் எண்ணை வாங்கியவர்கள் ஒருமுறைகூட என் பெயரைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அக்கா அக்கா என்று மூச்சுக்கு ஒரு தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மேசையில் என் கட்டுரை விரிந்து கிடந்தது. மேய்ப்பவன் ஆட்டை எப்படி மாற்றுவான் என்பதை நான்தான் அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். ஆட்டிடமிருந்து அதைக் கேட்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு வாரம் கழித்து அக்கா முறைப்படி கேட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே மடித்த பச்சைக் கரை வேட்டி. மணமேடைக்குப் பெண்ணைக் கைபிடித்து அழைத்துவந்து நெற்றியில் மாமன் பட்டம் கட்டவேண்டும். நான் நின்றுகொண்டே சொன்னேன், நான் அவர் இல்லை என்று, எனக்குத் தங்கை மட்டும்தான் என்று, அவர் தம்பி இடத்தில் உட்கார எனக்கு உரிமை கிடையாது என்று. மனப்பாடம் செய்துகொண்டு போனதால் மரியாதையாகவே சொன்னேன். உபகாரச் சம்பளத்தை நிறுத்திக்கொள்வதானால் நிறுத்திக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. முகத்தில் ஓர் ஒளிதான் வந்தது.

"அப்படியே அவன்தான்" என்றார். "எதைக் கேட்டாலும் முதல்ல மாட்டேன்னுதான் சொல்லுவே. ஸ்கூலுக்குப் போறதுக்கே மாட்டேன்னவன் நீ."

அவன் என்று தொடங்கிய பேச்சு நீ என்று முடிந்தது. இதற்கு மேல் எப்படி மறுப்பது? மறுக்க மறுக்க நான் அவருக்கு இன்னும் பொருத்தமாகிக்கொண்டிருந்தேன்.

தட்டை எடுக்காமல் வந்துவிட்டேன். அந்த வாரமே பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் அந்தப் பருவக் கட்டணத்தின் கடைசித் தவணையும் கட்டப்பட்டுவிட்டதாகக் காட்டியது. செலவை ஏற்பவர் என்ற இடத்தில், உறவு: காக்காக். மலாயில் அக்கா.

வீட்டில் சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தங்கைதான் பேசினாள், இடுப்பில் குழந்தையோடு.

"என் புள்ளைக்கு ஒரு சங்கிலி போட வக்கில்லை, ஊரான் வீட்டுக்கு மாமன் வேலைக்குப் போறியாக்கும். போ, போ. சம்பளம் வாங்கற மாமனை இப்பத்தான் பாக்கறேன்."

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "செத்தவரு இடத்துல உட்கார்ந்தா எந்திரிக்க விடுவாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கட்டணத்தை வாங்கிக்கொண்டாயிற்று. ஆய்வேடு பாதியில் நிற்கிறது. பல் மருத்துவரும் போன் செய்து, ஒரே ஒரு நாள், அம்மாவுக்காக, என்றார். இந்த மூன்றில் எது என்னை ரயிலில் ஏற்றியது என்று கேட்டால், ஆய்வேடு என்றுதான் சொல்லவேண்டும். நல்ல காரணத்தைச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அதுதான்.

கிள்ளான் கல்யாண மண்டபம், காலை முகூர்த்தம். வேட்டி எனக்கென்று நெய்ததுபோல நின்றது. யாரோ என் தலையை வாரிவிட்டார்கள், இடது வகிடு. பெண்ணைக் கைபிடித்து அழைத்துவந்தேன். இருபுறமும் நாற்காலிகளில் இருந்த வயதானவர்கள் சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினாரா, எனக்குப் பின்னால் யாரையாவது பார்த்தா என்று தெரியவில்லை.

மேடையில் ஐயர், "தாய்மாமன் பேரு, நட்சத்திரம்?" என்றார்.

அக்கா ஒரு பெயர் சொன்னார். அந்த வீட்டில் அத்தனை மாதம் நடமாடியும் நான் அதைக் கேட்டது அன்றுதான். நட்சத்திரம் சதயம் என்றார். பெண் குனிந்த தலையோடு, "மாமா, உங்களுதைச் சொல்லுங்க, சீக்கிரம்" என்று முணுமுணுத்தார்.

சதயம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சதயம் இல்லை என்பது தெரிந்தது. என்னுடையது எது என்பது வரவில்லை. மறந்த சொல் நாக்கு நுனியில் நிற்குமே, அப்படிக்கூட நிற்கவில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு அர்ச்சனைக்கும் அம்மா என் தலையைத் தொட்டுச் சொன்ன சொல் அது. அது இருந்த இடம் துடைத்து வைத்த கட்டில்போல இருந்தது. ஐயர் அந்தப் பெயரையும் சதயத்தையும் சேர்த்து மந்திரத்தில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பட்டத்தை எடுத்துக் கொடுத்தார்கள். நான் பட்டம் கட்டியதும் இல்லை, கட்டுவதைக் கவனித்துப் பார்த்ததும் இல்லை. என் கை அதை வாங்கி, நடுநெற்றியில் வைத்து, பின்னால் கொண்டுபோய், பூவுக்குள் முடிச்சை மறைத்தது. கை நடுங்கவே இல்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாலி கட்டியதும் மண்டபத்துக்குப் பின்னால், லோரி நிறுத்துகிற இடத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, என் நட்சத்திரம் என்ன?"

"பூராடம்." கண்டீன் பாத்திரச் சத்தம் கேட்டது. "எதுக்குடா? யுனிவர்சிட்டியில கேக்கறாங்களா?"

"இல்லம்மா. இன்னொரு தடவை சொல்லு."

சத்தம் நின்றது. அம்மா எங்கோ தனியாக நகர்ந்து போனாள் போலிருக்கிறது. பூராடம் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். இரண்டையும் சேர்த்து, அர்ச்சனைச் சீட்டுக்குச் சொல்வதுபோல, நான் போதும் என்று சொல்லும்வரை சொன்னாள்.

கோபித்துக்கொண்டு கை நனைக்காமல் வெளியேறிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போகிற கோபம் தாய்மாமனுக்கு உரியது. கோபித்துக்கொண்டு போனாலும் நான் மாமன்தான். உள்ளே போனேன்.

குடும்பத்துப் பந்தியில் முதல் இலை எனக்கு. அக்கா தானே பரிமாறிக்கொண்டு வந்தார். வியர்த்த முகம், கண்ணெல்லாம் சந்தோஷம். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் என்னைப் பார்த்ததில்லை. அதை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம். இன்னும் ஒரு பருவம் போதும், ஆய்வேடு முடிந்துவிடும். பிறந்தநாள் வந்தால் தானாக வெளியே வந்துவிடுவேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வாய் அதற்குள் பேசிவிட்டது.

"அக்கா, என் நட்சத்திரம் பூராடம்." என் பெயரையும் சொன்னேன். "ஊரு ஜெஞ்சாரோம். அப்பா போர்க்லிப்ட் ஓட்டறாரு."

கரண்டி இலைக்கு மேல் நின்றது. என் நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையோ சரிபார்த்து, அது சரியாக வராமல் போகிறவரின் பார்வை. பின்னால் யாரோ நாதஸ்வரக்காரருக்குக் காப்பி கேட்டார்கள்.

"சாப்பிடுங்க" என்றார் அக்கா. "கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி. நீங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?"

அந்த 'நீங்க'வை நான் அதற்கு முன் அவர் வாயில் கேட்டதில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை, குறைவில்லாமல் இருந்தது. இலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். நான் சாப்பிட்டேன். அழுகை வந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. என் அக்காவே என்னை அடையாளம் தெரியாமல் போனதுபோல அழுதேன். பக்கத்து இலைக்காரர் ரசத்தில் மிளகு ஜாஸ்தி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. நானும் போகவில்லை, அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. அப்பாவின் பேக்டரியில் ஸ்டோர் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த பருவம் தொடங்கும்போது, முழுநேரப் படிப்பைப் பகுதிநேரமாக மாற்ற ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். செலவை ஏற்பவர் என்ற இடத்தில் என் அக்காவின் பெயர் இன்னும் இருக்கிறது என்றாள். அப்படியே இருந்தால் இந்தப் பருவமும் அவருக்குத்தான் கட்டணக் கேட்பு போகும், வழக்கமாக அன்றே கட்டிவிடுகிறார், விட்டுவிடவா, எடுத்துவிடவா என்று கேட்டாள்.

விட்டால் பணம் வரக்கூடும். யார் என்று பார்க்காமல், பழக்கத்தில், வரக்கூடும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. பிறந்தநாள் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டு மேசையில் எழுதிய அத்தியாயம் பையில் இருந்தது, அதைவிட நன்றாக நான் இதுவரை எழுதியதில்லை.

எடுத்துவிடச் சொன்னேன்.

அப்படியானால் யார் பெயரைப் போடுவது என்றாள்.

"சென்டிரி" என்றேன். மலாயில் அதற்கு நானே என்றும் பொருள், தனியாக என்றும் பொருள். அவள் தட்டினாள்.